தரம் உயர்ந்த ஊர்

என் மனைவியின் அண்ணன் சொந்த ஊருக்குத் திரும்பி வந்தபோது அவருடைய சம்பளம் குறைந்தது. வேலையில் ஒரு தப்பும் செய்யவில்லை. அதே கம்பெனி, அதே தையல் மெஷின்கள், அதே மெக்கானிக் வேலை. துறைமுக நகரத்திலும் அடுத்தடுத்த ஊர்களிலும் இருந்தவரை சம்பளத்தோடு ‘ஊர்ப்படி’ என்று ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பெரிய ஊரில் வாடகை அதிகம், பஸ் செலவு அதிகம் என்பது அதற்குக் காரணம். எங்கள் ஊரோ அரசாங்கக் கணக்கில் மூன்றாம் தர ஊர். மூன்றாம் தர ஊருக்கு ஊர்ப்படி கிடையாது. ஆக, ஒரு மனிதன் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததற்கு அபராதம் போட்டார்கள். இதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதிகூட அவருக்கு வரவில்லை.

“விடுங்க மாப்பிள்ளை. ஊரே கிடைச்சிருக்கு, ஊர்ப்படி எதுக்கு?” என்றார்.

நான் அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். மற்றவர்களுக்கு அவர் ஸ்பேனர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டி ஸ்பேனர் எப்போதும் எட்டிப் பார்க்கும். நான் ஜெராக்ஸ் கடைக்காரன். கம்பெனியின் கேட்டுக்கு நேர் எதிரே என் கடை. அதனால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு இரட்டைத் தகுதி உண்டு: அவரை வீட்டிலும் பார்த்தேன், வேலையிலும் பார்த்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மச்சான் வாலிபராக இருந்த காலத்தில் எங்கள் ஊரில் இரண்டே வேலைகள்தான். ஒன்று வெயிலில் நிற்பது, இன்னொன்று வெயிலில் நடப்பது. இரண்டையும் கொஞ்ச நாள் செய்து பார்த்துவிட்டு, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு துறைமுக நகரத்துக்குப் போனார். அங்கே சட்டை தைக்கும் இந்தக் கம்பெனியில் எண்ணெய் துடைக்கும் ஆளாகச் சேர்ந்தார். பார்த்துப் பார்த்தே மெஷின் பிரிக்கக் கற்றுக்கொண்டார். சில வருஷங்களில் அந்த நகரத்தில் வாடகை ஏறியது, கூலியும் ஏறியது. முதலாளிக்கு மூச்சு முட்டியது. ஒரு நாள் மெஷின்களையெல்லாம் லாரியில் ஏற்றி, உள்நாட்டில் ஒரு சின்ன ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். மெஷின்களோடு மச்சானும் போனார். அந்தச் சின்ன ஊர் வளர்ந்தது. மறுபடியும் லாரி வந்தது. அப்புறம் இன்னொரு ஊர். ஒவ்வொரு முறையும் ஊர்ப்படி ஒரு பிடி குறையும், கடலிலிருந்து தூரம் ஒரு பிடி கூடும்.

கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால் அவரிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. “ஒரு ஊர்ல பொண்ணு பாக்க ஆரம்பிப்பேன். பேசி முடிக்கறதுக்குள்ள மெஷினு லாரில ஏறிடும்.” எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். உள்நாட்டு ஊர் ஒன்றில் நிஜமாகவே ஒரு பெண் வீட்டில் பேச்சு முற்றி நின்றதும், அவர்கள் ‘எங்க பொண்ண எந்த ஊர்ல வச்சிக் காப்பாத்துவ?’ என்று கேட்டதற்கு இவரால் ஒரு ஊர் பெயரைச் சொல்ல முடியாமல் போனதும் என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

இப்படி நாலு ஊர் பார்த்தவருக்கு ஒரு விஷயம் அத்துப்படி ஆகியிருந்தது. ஒரு ஊரைவிட்டுக் கம்பெனி எப்போது கிளம்பும் என்பதைக் கம்பெனிக்குள் பார்க்க வேண்டாமாம், தெருவைப் பார்த்தால் போதுமாம். நடந்து வேலைக்கு வந்த பெண்கள் வண்டியில் வர ஆரம்பிப்பார்கள். வீட்டுக்காரர்கள் மாடியில் ஓர் அறை எழுப்புவார்கள். டீக்கடைக்குக் கண்ணாடிக் கதவு வரும். “ஊரு கொஞ்சம் நிமிர்ந்தா போதும் மாப்பிள்ளை, கம்பெனிக்குக் கழுத்து வலிக்க ஆரம்பிச்சிடும்” என்பார். இதை அவர் எங்கள் ஊருக்கு வந்த புதிதில், வேறு ஊர்களைப் பற்றிய வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

லாரிகள் எங்கள் ஊருக்கு வந்த அன்று மச்சான் முதல் லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஊரைவிட்டு ஓடியவன் ஒரு தொழிற்சாலையைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்தது போல அத்தனை பெருமை அவர் முகத்தில். முதலாளி எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தது எங்கள் அழகைப் பார்த்தல்ல. மூன்றாம் தர ஊரில் கம்பெனி தொடங்கினால் வரி கிடையாது, மின்சாரம் பாதி விலை, கூலியும் அடிமட்டம். எங்கள் ஏழ்மைதான் எங்களிடம் இருந்த ஒரே சரக்கு, அதை வாங்க ஆள் வந்திருந்தது. அதில் எனக்கு அப்போது ஒரு வருத்தமும் இல்லை. விற்க எதுவுமே இல்லாமல் இருந்தவர்களுக்கு அதுவே பெரிசு.

மச்சான் அங்கே ஒரு காரியம் செய்தார். சட்டை தேய்க்கும் மேஜைகளுக்கு நீராவி கொடுக்க ஒரு பாய்லர் உண்டு. மற்ற ஊர்களிலெல்லாம் அதை நாலு போல்ட் போட்டுத் தரையில் முடுக்குவதோடு சரி. எங்கள் ஊரில் மட்டும் அதன் கால்களைச் சுற்றிக் குழி தோண்டி, கம்பி கட்டி, முழங்கால் உயரத்துக்கு கான்கிரீட் போட்டுவிட்டார். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, “என்னய்யா, சமாதியா கட்டற?” என்று கேட்டாராம். “அதிரும் சார்” என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். சாயங்காலம் என் கடைக்கு வந்து, கையில் காய்ந்திருந்த சிமெண்டை உரித்துக்கொண்டே, “மாப்பிள்ளை, இது இனிமே நகராது” என்றார். பாய்லரைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

என் மனைவி காலர் தைக்கும் வரிசையில் சேர்ந்தாள். ஜன்னல் பக்கத்தில் மூன்றாவது மெஷின். அதுவரை வீட்டில் அக்கம்பக்கத்தாருக்குக் கிழிசல் தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தவள், முதல் மாதச் சம்பளத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உள்ளே போய்விட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று என் முகத்தைப் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும்.

கம்பெனிக்குள் ஒரு கண்டிப்பு உண்டு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் கண்டுபிடித்துக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். சட்டைக்குள் துண்டு மாட்டிக்கொண்டு எங்கோ ஒரு தேசத்தில் யாரையாவது குத்திவிட்டால் அத்தனை சரக்கும் திரும்பி வந்துவிடுமாம். ஒரு நாள் என் மனைவியின் ஊசி உடைந்து நுனி காணாமல் போனது. வரிசை முழுக்க நின்றுவிட்டது. மச்சான் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெல்லாம் தவழ்ந்து தேடினார். கடைசியில் அது அவள் ஜடையில் இருந்தது. “தலையில ஊசி இருக்கு பாப்பா, மூளை எங்க வச்ச?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார். அவள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் அவருக்குச் சாப்பாடு மட்டும் வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டாள். அவர்கள் சண்டை எப்போதும் அப்படித்தான்.

நல்ல காலம் என்று நான் சொல்வது அந்தச் சில வருஷங்களைத்தான். எங்கள் அடுப்படிக்குத் தளம் போட்டோம். நான் கலர் பிரிண்டர் வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் அறை எழுப்பி வாடகைக்கு விட்டார், அப்புறம் அதற்கு மேலும் ஓர் அறை எழுப்பினார். எங்கள் தெருப் பெண்கள் கடையில் சாமானைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னெல்லாம் தூரத்திலிருந்து கை நீட்டித்தான் கேட்பார்கள்.

என் மனைவி ஸ்கூட்டர் வாங்கிய அன்று அதை அண்ணனிடம் காட்டத்தான் முதலில் ஓட்டிப் போனாள். மச்சான் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். சீட்டைத் தட்டிப் பார்த்தார். தெருவை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பார்த்தார். “நல்லா இருக்கு பாப்பா” என்று மட்டும் சொன்னார். தங்கை வண்டி வாங்கினால் அண்ணன் இப்படியா முகத்தைத் தொங்கப்போடுவது என்று எனக்கு எரிச்சல். பொறாமை என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம்தான் எங்கள் ஊர் மூன்றாம் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்கு உயர்ந்தது.

எப்படி உயர்ந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். மாவட்டத்தின் மறு கோடியில் கருங்கல் குவாரிகள் வைத்திருக்கும் மூன்று குடும்பங்கள் உண்டு. அரசாங்கக் கணக்கெடுப்பில் அவர்கள் வருமானத்தையும் எங்கள் வருமானத்தையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி, தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டிருக்கிறார்கள். அந்தப் பங்கின்படி வெள்ளரிக்காய் விற்கிறவரும் வசதியானவர், என் கடையில் கடன் சொல்லிப் போகிறவரும் வசதியானவர். சராசரி என்பது இதுதான். நானும் குவாரிக்காரரும் ஒரே பஸ்ஸில் ஏறினால் பஸ்ஸில் இருக்கிற எல்லோரும் பணக்காரர். அவர் பஸ்ஸில் ஏறுவதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தப் புத்தியெல்லாம் இப்போது வந்தது. அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘இரண்டாம் தரமாக உயர்ந்த எங்கள் ஊருக்கு வாழ்த்துகள்’ என்று பேனர் அடித்தேன். அதுவும் பாதி விலைக்கு. ஊரே கூடிக் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் அதைக் கட்டியது. மிட்டாய் கொடுத்தார்கள், வெடி வெடித்தார்கள். இவ்வளவு காலம் மூன்றாம் தரம், மூன்றாம் தரம் என்று கேட்டுக் கேட்டு எங்களுக்கு அது ஊரின் தரமாகத் தெரியவில்லை, எங்கள் தரமாகவே தெரிந்தது. அது நீங்கிவிட்டதென்று நாங்கள் ஆடினோம். எங்களைப் போல் ஒரு கூட்டம் தன் வாயில் விழும் மண்ணுக்கு வெடி வெடித்துக் கொண்டாடியிருக்காது.

மச்சான் கேட்டிலிருந்து வெளியே வந்து அந்தப் பேனரை நிமிர்ந்து பார்த்தார். நான் மிட்டாயை நீட்டினேன். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

“என்ன மச்சான், ஊரு உயர்ந்திருக்கு. முகத்துல ஒரு சிரிப்பு வேண்டாமா?”

“உயர்ந்திருக்கு மாப்பிள்ளை” என்றார். பிறகு மெஷின் எண்ணெய் வாங்க வேண்டுமென்று போய்விட்டார்.

அவருக்கு அப்போதே தெரியும். முந்தின வாரம் உதிரிபாகம் வாங்கப் போவதாக எங்களிடம் சொல்லிவிட்டு வெளியூர் போயிருந்தார். அது உதிரிபாகம் வாங்க அல்ல. மலைக்கு அப்பால் ஒரு மூன்றாம் தர ஊரில் பெரிய கொட்டகை ஒன்றைப் பார்த்து, மின்சார இணைப்பும் தண்ணீரும் சரியாக இருக்கிறதா என்று சொல்ல மேனேஜர் அனுப்பியிருக்கிறார். ஊர் இரண்டாம் தரமானால் கம்பெனிக்கு இருந்த வரிச் சலுகையும் மின்சாரச் சலுகையும் போய்விடும். அரசாங்கம் அறிவிப்பதற்கு முன்பே முதலாளிக்கு மூக்கு வியர்த்துவிட்டது. திரும்பி வந்ததும் மேனேஜர் மச்சானைத் தனியாகக் கூப்பிட்டு, “விஷயம் வெளிய போச்சுன்னா பொம்பளைங்க கேட்டை மறிப்பாங்க. முதலாளி கோபத்துல கணக்குத் தீர்க்காமலே பூட்டிட்டுப் போயிடுவார். அத்தனை பேர் பணமும் உன் வாயிலதான் இருக்கு” என்று சொல்லியிருக்கிறார். எல்லாம் முடிந்த பிறகுதான் மச்சான் இதை எங்களிடம் சொன்னார்.

என் மனைவிக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு நேரான நியாயம். ஒரு விடுமுறை நாள் பகலில் காலர் வரிசைப் பெண்களையெல்லாம் எங்கள் வீட்டில் கூட்டினாள். இருந்த இரண்டு நாற்காலியும் போதாமல் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார்கள்.

“மூணாம் தர ஊருக்கு ஊர்ப்படி இல்லன்னு சொன்னாங்க. சரின்னு இருந்தோம். இப்ப நம்ம ஊரு ரெண்டாம் தரம். அரசாங்கமே சொல்லிடுச்சு. அப்ப ரெண்டாம் தர ஊர்ப்படிய குடுக்கணுமா இல்லையா?”

இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? ஒரு வக்கீல் இருந்தாலும் எழுந்து கும்பிட்டிருப்பான். எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அப்போது மச்சான் வாசலில் வந்து நின்றார்.

“கொஞ்ச நாள் பொறு பாப்பா” என்றார்.

“எத்தனை நாள்ணா?”

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“நாங்க கேக்கறது தப்பா?”

“தப்புன்னு சொல்லல.”

“அப்ப ஏன் பொறுக்கணும்? ஒரு காரணம் சொல்லு, நான் விட்டுடறேன்.”

மச்சான் கையைப் பிசைந்தார். என்னைப் பார்த்தார், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

“நீ எங்க பக்கம் இல்லண்ணா, மெஷின் பக்கம்” என்றாள் என் மனைவி. பெண்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள். அரை நாளாவது வாதாட வேண்டியிருக்கும் என்று என் மனைவி என்னை மேனேஜராக உட்கார வைத்து ஒத்திகையெல்லாம் பார்த்திருந்தாள். அந்த மனுஷன் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. “சரிம்மா, நியாயந்தானே. இந்த மாசத்துலேர்ந்தே போட்டுடலாம்” என்று சொல்லிவிட்டார்.

அவள் வீட்டுக்குள் நுழையும்போதே சிரிப்பு காதுவரை இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. “எவ்வளவு பாயிண்ட் தயார் பண்ணி வச்சிருந்தேன், ஒண்ணையும் கேக்கலைங்க அந்தாளு” என்று குறைபட்டுக்கொண்டாள். அந்த ஊர்ப்படி எல்லோருக்கும் பொது என்பதால் மச்சானுக்கும் கிடைத்தது. சொந்த ஊருக்கு வந்ததற்காகப் பிடுங்கப்பட்டதை அவர் தங்கையே வாங்கிக் கொடுத்திருந்தாள். “பாத்தியாண்ணா?” என்று அவர் முன்னால் போய் நின்றாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். கையை எடுக்க மனமில்லாதவர் போல் நின்றார். சந்தோஷத்தில் என்று நினைத்தேன். நான் அந்தக் காலத்தில் நினைத்தது ஒன்றுகூடச் சரியாக இருந்ததில்லை.

நாட்கணக்கே மிச்சம் இருக்கும் கம்பெனிக்கு ஊர்ப்படி கொடுப்பது பெரிய விஷயமா? இரண்டு மாதம் கொடுத்தார்கள். கையில் இருந்த ஆர்டரைச் சத்தமில்லாமல் முடித்துக்கொண்டார்கள். மூன்றாம் மாதம் கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். கணக்கை மட்டும் ஒழுங்காகத் தீர்த்தார்கள். ஏன் மூடுகிறீர்கள் என்று கேட்டதற்கு மேனேஜர், “மேலிடத்து முடிவும்மா” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் சொல்லாமல் விட்டதை ஊர் சொல்லிக்கொண்டது. ஊர்ப்படி கேட்டார்கள், கம்பெனி போய்விட்டது. முன்னால் நடந்தது அது, பின்னால் நடந்தது இது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தண்ணீர்க் குழாயடியில் என் மனைவி போய் நின்றால் பேச்சு நின்றது. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்த பெண்களே குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். அவள் இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போய், “பழைய கூலிக்கே வர்றோம் சார். அதுல கொஞ்சம் குறைச்சாலும் சரி” என்று கேட்டுப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தாராம்.

கணக்குத் தீர்க்கும் காகிதங்களை நகல் எடுக்க ஒரு நாள் காலை என் கடை முன்னால் கூட்டம். மாடிமேல் மாடி கட்டிய பக்கத்து வீட்டுக்காரரும் வந்து நின்றார். அவருடைய அறைகளெல்லாம் காலி.

“ஒருத்தி ஆசைப்பட்டா, ஊரே நாசமாப் போச்சு” என்றார், என் காதில் விழும்படியாக.

எனக்குத் தலைக்கு ஏறியது. கடையைவிட்டு இறங்கினேன். அதற்குள் மச்சான் கேட்டிலிருந்து வந்துகொண்டிருந்தவர் அதைக் கேட்டுவிட்டார். கையெல்லாம் எண்ணெய்க் கறை. கூட்டத்தின் நடுவில் வந்து நின்றார். அவர் அப்படிச் சத்தமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“அவளை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. அவ கேக்கறதுக்கு முன்னாடியே முடிவாயிடுச்சு. நம்ம ஊரு ரெண்டாம் தரம் ஆனதுதான் காரணம். சலுகையெல்லாம் போச்சு, அதான் போறாங்க. புது இடத்தை நானே போய்ப் பாத்துட்டு வந்தேன்.”

ஜெராக்ஸ் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“தங்கச்சியைக் காப்பாத்த எதை வேணாலும் சொல்லுவியா ஸ்பேனர்?” என்றாள் ஒருத்தி.

“நிஜமாத்தான் சொல்றேன்.”

“நிஜம்னா, தெரிஞ்சும் ஏன் வாயை மூடிட்டு இருந்த?” என்றாள் இன்னொருத்தி.

“வெளிய தெரிஞ்சா கணக்குத் தீர்க்காம பூட்டிடுவோம்னாங்கம்மா. உங்க பணத்துக்காகத்தான்…”

“எங்க பணத்தை நீ காப்பாத்தின! சரி, மெஷினோட நீயும் போறியா, இங்கயே இருக்கியா?”

மச்சான் கையிலிருந்த எண்ணெய்க் கறையைச் சட்டையில் துடைத்தார். போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் அவர் சொன்னதை நம்பவில்லை. நம்பிய பாதிப் பேர் அவரைத் திட்டினார்கள். என் மனைவி பேரில் விழுந்த பழி இருந்த இடத்திலேயே இருந்தது. உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர், அதை அவர் வாயிலிருந்து வாங்கிக்கொள்ளத்தான் ஊரில் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் குதித்தேன். அவர்மேல் கோபம், ஊர்மேல் கோபம், என் பேனர்மேல் கோபம். மச்சான் தங்கைக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

“பாப்பா, உன்னால இல்ல. சத்தியமா உன்னால இல்ல. நீ கேக்காம இருந்திருந்தாலும் போயிருப்பாங்க. நீ வாங்கின கூலில பாதி வாங்கியிருந்தாலும் போயிருப்பாங்க.”

ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தார். அவள் வெகுநேரம் அவரையே பார்த்தாள்.

“என்னாலதான் போச்சுன்னு இருந்துட்டுப் போகட்டும்ணா” என்றாள். “நாங்க கேட்டோம், அதனால கோவிச்சுட்டுப் போனாங்கன்னா அதுல ஒரு மரியாதை இருக்கு. நாங்க கேட்டதுக்கும் அவங்க போனதுக்கும் சம்பந்தமே இல்லன்னா, இத்தனை வருஷம் அங்க உக்காந்து தைச்ச நாங்க யாரு?”

எனக்கு அழுகை வந்தது. மறைக்க வேண்டுமென்றுகூடத் தோன்றவில்லை. மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பிரிக்கும் வேலை ஒரு வாரம் நடந்தது. மெஷின் தலைகளைக் கழற்றி, எண்ணெய் வடித்து, பழைய துணி சுற்றிப் பெட்டியில் வைத்தார். தைத்தவர்களே கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். பாய்லர் முறை வந்தபோது கான்கிரீட்டை உடைக்க ஆள் தேட வேண்டுமே என்று போய் மேனேஜரிடம் கேட்டிருக்கிறார். “அது கிடக்கட்டும். அந்த ஊர்ல புது பாய்லருக்கே அரசாங்கம் பாதி பணம் தருது” என்றாராம். மச்சான் என் கடைக்கு வந்து அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். “நகராதுன்னு சொன்னேன்ல மாப்பிள்ளை? சொன்ன மாதிரியே நகரல.” சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

“போகாதீங்க மச்சான். கடையில வந்து உக்காருங்க, பாத்துக்கலாம்” என்றேன்.

“கம்பெனி இல்லாத ஊர்ல யாரு ஜெராக்ஸ் எடுக்க வருவா? உங்களுக்கே பேச்சுத்துணைக்கு எதிர்ல உக்கார ஆள் தேவைப்படும், அதுக்கா கூப்பிடறீங்க?” என்றார். அவர் சொன்னதில் பிசகில்லை. கலர் பிரிண்டரை நான் அந்த மாதமே விற்க வேண்டியதாயிற்று.

அவர் போன பிறகு ஊரில் பெரியவர்கள் சிலர் விழித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் வந்து, “ஸ்பேனர் சொன்னது நெசம் போலிருக்கே” என்றார். ஆனால் என் வீட்டுப் பக்கம் வந்து என் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்ல அவருக்குக் கால் வரவில்லை. நாங்கள் நாலைந்து பேர் மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி என்ன வேண்டும் என்று கேட்டார்.

“எங்க ஊரை மறுபடியும் மூணாம் தரமா அறிவிச்சிடுங்கய்யா” என்றேன்.

அவர் முதலில் சிரித்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கெட்ட மனிதரல்ல, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். ஏற்றின ஊரை இறக்க அவருக்கு அதிகாரம் இல்லையாம். அடுத்த கணக்கெடுப்பு வரவேண்டுமாம். அதற்கு வருஷங்கள் ஆகுமாம்.

“அதுவரைக்கும் நாங்க என்னய்யா பண்றது?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

“ஒண்ணும் பண்ண வேண்டாம்” என்றார் அதிகாரி. “இப்படியே இருந்தா ஊரு தானா இறங்கிடும்.”

மச்சான் போய்ச் சேர்ந்த புதிதில் எங்களோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், என் போனில் கூப்பிட்டார். கடையில் நானும் என் மனைவியும் மட்டும்தான். அவள் போனை வாங்கிக்கொண்டாள். சத்தத்தைக் கூட்டி வைத்ததால் எனக்கும் கேட்டது.

உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

“என் மெஷின்ல யாருண்ணா உக்காந்திருக்கா?”

“சின்னப் பொண்ணு பாப்பா. மலை மேலேர்ந்து நடந்து வருது. கை வேகம், உன்ன மாதிரியே.”

“கூலி?”

“நீ முதல் மாசம் வாங்கினதுதான்.”

அவள் தலையாட்டினாள், அவர் எதிரே நிற்பது போல.

“சந்தோஷமா இருக்காளா?”

“எல்லாருமே சந்தோஷமா இருக்காங்க பாப்பா. இத்தனை வருஷம் கழிச்சு ஊருக்கு ஒரு வேலை வந்திருக்கே. நேத்து என்னைச் சுத்தி உக்காந்துட்டு, நம்ம ஊரு எப்பண்ணா ரெண்டாம் தரம் ஆகும்னு கேக்கறாங்க. கம்பெனி வந்தாச்சு, சீக்கிரம் ஆயிடும்ல, ஆயிட்டா ஊர்ப்படி தருவாங்கள்லன்னு கேக்கறாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லலம்மா. என்னன்னு சொல்றது?”

அந்தப் பக்கம் மணி அடித்தது. இடைவேளை முடிந்து மெஷின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. என் மனைவி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஆக விடாதண்ணா” என்றாள். “எப்படியாவது அந்த ஊரை ரெண்டாம் தரம் ஆக விடாம பாத்துக்கோ.”

அவர் சரி என்றார்.